நாடியில்லா இருதயமும் மூச்சின் கணக்கும்



திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாகக் கிள்ளிப்பாலம் நோக்கி நடப்பவர், அத்தெரு முடியும் தறுவாயில் வலியசாலையை அடைவர். அருகே கிள்ளியாறு ஓடுகிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கே வாழ்ந்துவருகின்றன. வெளி மாநிலங்களில் வாழும் அன்பர்கள் பலருக்கு இப்பெயர் புதிதாகத் தோன்றலாம். ஆயினும் இவ்வூரை அவர்கள் வேறொரு பெயரால் அறிந்திருப்பர். முதலாம் இராசராச சோழனுடைய மெய்க்கீர்த்தியில் பேசப்படும் காந்தளூர்ச் சாலை இவ்வலியசாலையே என்று கருதும் ஆராய்ச்சியாளர் பலர். இங்குள்ள மகாதேவர் கோயில் இன்றும் காந்தளூர்க் கோயில் என்றே வழங்குகிறது. அச்சாலை கல்விச்சாலையா, கப்பற்படைத் தளமா என்ற வழக்கு நெடுங்காலமாக நடந்துவருகிறது. அதைத் தீர்க்க இன்று நான் புகவில்லை. என் மனத்தைப் பற்றிய வழக்கு வேறு. அதுவும் இவ்வூர்த் தெருவில் தொடங்கியதே.

மைய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிசெய்யும் என் மேசைக்கு, எனக்குத் தெரிந்த துறை, தெரியாத துறை என்ற பாகுபாடின்றிக் காகிதங்கள் வந்து சேரும். நானோ கலைப் பட்டம் பெற்றவன். மருத்துவக் கருவிகளைப் பற்றிய ஓர் அறிக்கையில் ‘கார்டியாக் அவுட்புட்’ என்ற தொடர் எதிர்ப்பட்டது. ‘இருதய வெளியீடு’ என்று எழுதலாம். ஆனால் வெளியீடு என்றவுடன் நம்மவர்க்குப் புத்தகமும் பத்திரிகையுமே நினைவுக்கு வரும். ஆகவே ‘இருதயப் பாய்வு’ என்று எழுதிவைத்தேன். இருதயம் ஒரு நிமிஷத்தில் உடலுக்கு அனுப்பும் இரத்தத்தின் அளவு என்பதே அதன் பொருள். ஓய்வாக இருக்கும் வளர்ந்த மனிதருக்கு அது ஏறக்குறைய 5 லிட்டர். ஒரு நாளைக்கு 7,000 லிட்டருக்கு மேல் ஆகிறது!

அவ்வறிக்கையிலேயே, யந்திரப் பம்பு பொருத்தப்பட்ட நோயாளிகள் பலருக்கு மணிக்கட்டில் நாடி தட்டுப்படாது என்று ஒரு வரி இருந்தது. எங்கள் தெருவில் நாடி பார்த்துப் பழகிய பெரியவர் ஒருவர் உண்டு. அன்று மாலை அவரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைச் சற்று இரக்கத்துடன் நோக்கி, “நாடி நின்றபின் ஆள் ஏது, தம்பி?” என்றார். அவருக்கு விடை சொல்லப் புறப்பட்டுத் தேடியதே இப்பேச்சு. நாடி இல்லை; ஆள் இருக்கிறார். அப்படியானால் அவருடைய உடலுக்கு எவ்வளவு இரத்தம் செல்கிறதென்று, உடலைக் குத்தாமலும் கீறாமலும் எவ்வாறு அறிவது?

இக்கேள்வியின் வேர் 400 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஐரோப்பாவில் காலன் என்ற பண்டை வைத்தியரின் கொள்கையே நெடுங்காலம் ஆட்சி செய்தது. உண்ட உணவிலிருந்து கல்லீரல் இடைவிடாது புதிய இரத்தத்தைச் செய்கிறது. அதை உடல் உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது என்பது அவர் கருத்து. இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட சிறு நூலில் இதனை ஒரு கணக்கினால் வீழ்த்தினார். இருதயம் ஒரு துடிப்பில் அரை அவுன்ஸ் இரத்தத்தை மட்டுமே தள்ளுவதாகக் கொள்வோம்; வேண்டுமாயின் அதனினும் குறைத்தே கொள்வோம். அரை மணி நேரத்தில் துடிப்புகள் ஆயிரத்துக்கு மேல். பெருக்கிப் பார்த்தால் உடல் முழுவதிலுமுள்ள இரத்தத்தை விஞ்சிய அளவன்றோ வருகிறது? அவ்வளவையும் உணவு எங்ஙனம் தரும்? எனவே சென்ற இரத்தமே திரும்பி வருகிறது. அது சுற்றி ஓடுகிறது. அவர் எடுத்துக்கொண்ட அளவு உண்மையை விடச் சிறியதே. ஆயினும் முடிவு சரியாக இருந்தது. கருவி இல்லாத காலத்தில் கணக்கு செய்த வேலை இது.

ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், 1733-இல் வெளியிட்ட நூலில், குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு இணைத்த கண்ணாடிக் குழாயில் இரத்தம் 8 அடிக்கு மேல் எழுந்ததை எழுதினார். இறந்த விலங்கின் இருதய அறையில் மெழுகை ஊற்றி அதன் கொள்ளளவைக் கண்டு, அதை நாடியின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாய்வைக் கணித்தவரும் அவரே. ஒரு துடிப்புக்கு எவ்வளவு, நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்ற அந்தப் பெருக்கல் வாய்பாடு நெடுநாள் நிலைத்தது.

துடிப்பை எண்ணாமலே பாய்வை அளக்கும் வழியை 1870-இல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் அடால்ப் பிக் என்பவர் மிகச் சுருக்கமான ஒரு குறிப்பில் சொன்னார். அதை விளக்க எங்கள் சாலைக் கடைத்தெருவே போதும். பல வண்டிகள் மூட்டைகளுடன் தெருவுக்குள் நுழைகின்றன. ஒவ்வொரு வண்டியும் சில மூட்டைகளை இறக்கிவிட்டு மிச்சத்துடன் மறுபுறம் வெளியேறுகிறது. எத்தனை வண்டி சென்றதென்று எவரும் எண்ணவில்லை. ஆயினும் ஒரு மணி நேரத்தில் கடைகளில் இறங்கிய மூட்டைகள் 250 என்றும், வண்டிக்கு 50 மூட்டை குறைந்ததென்றும் தெரிந்தால், வந்துபோன வண்டிகள் 5 என்று சொல்லிவிடலாமன்றோ? வண்டி என்பது ஒரு லிட்டர் இரத்தம். மூட்டை என்பது ஒரு மில்லிலிட்டர் பிராணவாயு. உடல் நிமிஷத்துக்கு 250 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் செலவிட்டு, லிட்டர் ஒன்றுக்கு 50 மில்லிலிட்டரை எடுத்துக்கொண்டால், பாய்வு 5 லிட்டர். மூச்சையும் இரத்தத்தையும் ஒரே கணக்கேட்டில் எழுதிய பெருமை பிக்குடையது. ஆனால் அவர் எந்த மனிதனிடமும் அதை அளந்து காட்டவில்லை.

அளக்க முடியாமைக்குக் காரணம் உண்டு. தெருவை விட்டு வெளியேறும் வண்டியில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால், உடலெங்கும் சுற்றித் திரும்பிய கலப்பு இரத்தம் வேண்டும். அது இருதயத்தின் வலப்புறத்தில் இருக்கிறது. அங்கே எவர் கைவைப்பது? 1929-இல் எபர்ஸ்வால்டே என்ற சிற்றூரில் வெர்னர் போர்ஸ்மான் என்ற இளம் வைத்தியர் தம் கையிலுள்ள சிரை வழியாக மெல்லிய குழாயைத் தம் இருதயத்துக்குள் தாமே செலுத்தி, அப்படியே நடந்து சென்று எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டார். துணிவு என்பதா, பித்து என்பதா? அவ்வழியைப் பின்னர் நியூயார்க்கில் கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் இருவரும் நோயாளிகளுக்குப் பயன்படும் முறையாக்கினர்; மூவருக்கும் 1956-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1970-இல் ஸ்வான், கான்ஸ் என்போர் நுனியில் சிறு பலூன் கட்டிய குழாயை அறிமுகப்படுத்தினர். குளிர்ந்த நீரைச் செலுத்தி, அது எவ்வளவு விரைவில் வெப்பமடைகிறதென்று பார்த்துப் பாய்வைக் கணிக்கும் முறையும் அதனோடு சேர்ந்தது.

இருதயத்துக்குள் நுழையாமல் இக்கணக்கைப் போட முடியாதா என்று கேட்டவர்கள் அதற்கு முன்பே இருந்தனர். டென்மார்க்கில் ஆகஸ்ட் குரோக், லிண்ட்ஹார்ட் இருவரும் 1912-இல் ஒரு புதிய உபாயத்தை வெளியிட்டனர். நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வாயு இரத்தத்தில் எளிதாகக் கரையும். அதைச் சிறிதளவு கலந்த காற்றை ஒரு பைக்குள்ளிருந்து திரும்பத் திரும்ப மூச்சிழுக்கச் செய்தால், நுரையீரலைக் கடந்து செல்லும் இரத்தம் அவ்வாயுவைக் கரைத்துக்கொண்டு போகும். இரத்தம் மிகுதியாக ஓடினால் பையில் வாயு விரைவாகக் குறையும். குறைவாக ஓடினால் மெதுவாகக் குறையும். ஊசியில்லை, குழாயில்லை, மூச்சு ஒன்றே போதும். அழகிய முறைதான். ஆனால் அன்றைய வாயு ஆராய்ச்சி மிகுந்த உழைப்பையும் பொறுமையையும் வேண்டியது. குழாய் முறை வந்தபின் வைத்தியசாலைகள் இதைப் பெரும்பாலும் மறந்தன.

இனிப் பம்புக்கு வருவோம். பலவீனமான இருதயத்துக்கு யந்திரத்தால் துணைசெய்யும் முயற்சி 1960-களில் அமெரிக்காவில் உருப்பெற்றது. 1966-இல் மைக்கேல் டிபேக்கி ஹூஸ்டன் நகரில் ஒரு நோயாளிக்குப் பத்து நாள்வரை பம்பின் துணைகொடுத்து, இருதயம் தேறியபின் அதை அகற்றினார், நோயாளி பிழைத்தார். அக்காலத்துப் பம்புகள் இருதயத்தைப் போலவே நிறைந்து, சுருங்கி, தள்ளின.

நம் கிராமங்களில் ஏற்றம் இறைத்ததைக் கண்டவர்கள் இதை உடனே உணர்வர். சாலின் அளவு தெரியும். எத்தனை சால் என்பதை இறைப்பவர் பாட்டாலேயே எண்ணிக்கொள்வார். பாட்டு முடியும்போது பாய்ந்த நீரின் கணக்கும் முடிந்துவிடும். பழைய இருதயப் பம்பும் அத்தகையதே. ஒரு தள்ளலுக்கு 80 மில்லிலிட்டர் சொச்சம், நிமிஷத்துக்கு இத்தனை தள்ளல் என்று ஹேல்ஸின் வாய்பாடு அங்கே நேராகப் பொருந்தியது. ஆனால் அப்பம்புகள் பருமனாக இருந்தன. அவற்றின் வால்வுகளும் சவ்வுகளும் சில ஆண்டுகளில் தேய்ந்தன.

பிறகு சுழலும் பம்பு வந்தது. ரிச்சர்ட் வாம்ப்ளர் என்ற அமெரிக்க வைத்தியர் 1970-களில் எகிப்திய கிராமம் ஒன்றில், திருகு போன்ற கருவியைச் சுழற்றி நீர் இறைப்பதைக் கண்டார். அதே திருகைச் சிறிதாக்கித் தமனிக்குள் வைத்தால் என்ன என்று எண்ணினார். அவர் அமைத்த சிறு பம்பு 1988-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பயன்பட்டது. இரத்த அணுக்கள் அவ்வேகத்தில் சிதைந்துவிடும் என்று அஞ்சியவர்கள் வியந்தனர். அவ்வழியில் வளர்ந்த ஹார்ட்மேட் 2 என்ற பம்பு 2008-இல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 9,000 முறை சுழல்வது அது. ஹார்ட்மேட் 3 என்பது 2017-இல் வந்தது. அதன் சுழலி காந்த விசையால் எதையும் தொடாமல் மிதந்து சுழல்கிறது.

ஏற்றம் போய் மின்பம்பு வந்தாற்போலத்தான். சாலும் இல்லை, பாட்டும் இல்லை; நீர் இடைவிடாமல் கொட்டுகிறது. நாடி மறைந்ததற்குக் காரணம் இதுவே. நாடி என்பது ஓடும் இரத்தமன்று; இரத்தம் விட்டுவிட்டுத் தள்ளப்படும்போது தமனிச் சுவரில் எழும் அலை. தள்ளல் ஒழுக்காக மாறினால் அலை ஏது? சாதாரண இரத்தக் கொதிப்புக் கருவியும் பல வேளைகளில் பயன்படுவதில்லை. கையில் பட்டையைக் கட்டி இறுக்கித் தளர்த்தும்போது, டாப்ளர் என்னும் ஒலிக்கருவியில் இரத்த ஓட்டத்தின் ஓசை மீண்டும் கேட்கும் அளவைக் குறித்துக்கொள்கிறார்கள். நாடியலையின் வடிவத்திலிருந்து பாய்வைக் கணிக்கும் முறைகளும் இங்கே ஊன்றுகோலை இழந்துவிடுகின்றன.

பம்பின் திரையில்தான் எண் வருகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இப்பம்புகள் பலவற்றில் பாய்வை நேராக அளக்கும் கருவி கிடையாது. சுழலும் வேகமும் செலவாகும் மின்சாரமும் தெரியும்; அவற்றிலிருந்து, இரத்தத்தின் கெட்டித்தன்மையையும் சேர்த்துக்கொண்டு, யந்திரம் ஊகித்துச் சொல்லும் எண்ணே அது. கிணற்றடிக்குப் போகாமல் வீட்டிலுள்ள மின்சார மீட்டரைப் பார்த்து, வயலுக்கு எவ்வளவு நீர் பாய்ந்ததென்று சொல்வதற்கு ஒப்பாகும். வழக்கமான நாள்களில் அது ஏறக்குறையச் சரியாகவே இருக்கும். தவறும் நாள் எது என்பதுதான் கேள்வி.

பம்புக்குள் கொடி சுற்றிக்கொண்டால் மீட்டர் வேகமாக ஓடும்; நீரோ குறையும். அதுபோல் சுழலியில் இரத்தம் உறைந்து கட்டினால் மின்செலவு உயரும். திரையோ பாய்வு மிகுந்ததாகக் காட்டும். நோயாளி மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, யந்திரம் நலமென்று சாட்சி சொல்லும்! ஹார்ட்மேட் 2-இல் கணிப்பு எல்லை கடந்தால் எண்ணுக்குப் பதிலாகக் கூட்டல் குறிகளோ கழித்தல் குறிகளோ மட்டும் தோன்றும். தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் அந்த நேர்மையை நான் மெச்சுகிறேன்.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. பம்பு இடது இருதய அறையிலிருந்து இரத்தத்தை எடுத்துப் பெருந்தமனியில் சேர்க்கிறது. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வால்வு நாளடைவில் கசியத் தொடங்கினால், பம்பு அனுப்பிய இரத்தத்தில் ஒரு பங்கு மீண்டும் அதே அறைக்குள் வடிந்து, மீண்டும் பம்புக்கே வரும். வரப்பு உடைந்து நீர் கிணற்றுக்கே திரும்புவதைப் போன்றது இது. பம்பின் வழியே 6 லிட்டர் செல்லலாம். சிறுநீரகமும் மூளையும் பெறுவது 4 லிட்டராக இருக்கலாம். இதற்கு நேர்மாறும் உண்டு. நோயாளி நடக்கும்போது, மிச்சமிருக்கும் சொந்த இருதயம் தன் பங்குக்கு வால்வின் வழியே சிறிது தள்ளும். பம்பின் கணக்கில் அது சேராது. எனவே பம்பின் பாய்வு வேறு, உடலின் பாய்வு வேறு. அறிக்கையைத் தமிழாக்கியபோது இவ்விரண்டையும் ஒரே சொல்லால் எழுதியிருந்தேன், பிறகு திருத்தினேன்.

உண்மையை அறியக் குழாயை இருதயத்துக்குள் செலுத்தலாம், செலுத்தவும் செய்கிறார்கள். ஆனால் இந்நோயாளிகள் இரத்தம் உறையாதிருக்க நாள்தோறும் மருந்துண்பவர்கள். சிறு காயமும் பெருக்கெடுக்கும். கிருமி புகுந்தால் பம்பே பாழாகும். மாதந்தோறும் அவ்வாறு சோதிப்பதோ, அவர்களை மிதிவண்டி மிதிக்கச் செய்து சோதிப்பதோ எளிதன்று. இந்நெருக்கடியில்தான் மறக்கப்பட்டிருந்த குரோக்கின் பை திரும்பி வந்தது.

இப்போதைய கருவியில் இரண்டு வாயுக்களை மிகச் சிறிய அளவில் கலக்கிறார்கள். ஒன்று இரத்தத்தில் கரையும் அதே நைட்ரஸ் ஆக்ஸைடு. மற்றொன்று கரையாத சல்பர் ஹெக்ஸாபுளோரைடு. கரையாத வாயு நுரையீரலின் கொள்ளளவைச் சொல்லும். கரையும் வாயு குறையும் வேகம் இரத்தப் பாய்வைச் சொல்லும். நோயாளி மூக்கை அடைத்துக்கொண்டு, ரப்பர்ப் பைக்குள்ளிருந்து அரை நிமிஷத்துக்கும் குறைந்த நேரம் மூச்சிழுத்து விட்டால் போதும். உடலைச் சுற்றிய இரத்தமெல்லாம் நுரையீரல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். பம்பு தள்ளியதாயினும், சொந்த இருதயம் தள்ளியதாயினும் இங்கே ஒன்றாகவே எண்ணப்படும். வால்வில் கசிந்து வீணே சுழலும் பங்கு மட்டும் எண்ணப்படாது. நாம் வேண்டியதும் அதுவே. 2010-களில் ஐரோப்பிய மருத்துவமனைகளில் பம்பு தாங்கியவர்களை ஓய்விலும் உடற்பயிற்சியிலும் இம்முறையால் அளந்திருக்கிறார்கள். நுரையீரல் நோயுற்றவர்களிடமும், சீராக மூச்சிழுக்க இயலாதவர்களிடமும் இது பொய்க்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வலது இருதயத்திலிருந்து வெளியேறும் இரத்தத்தின் வேகத்தை ஒலியலைகளால் அளந்து, அவ்வழியின் அகலத்தைக்கொண்டு பெருக்கும் எக்கோ முறையும் இதே நியாயத்தைப் பின்பற்றுவது.

திருவனந்தபுரத்துக்கு இவ்விஷயம் அயலானதன்று. திருவிதாங்கூரின் கடைசி மன்னரான சித்திரைத் திருநாள் பலராம வர்மாவும் அவர் குடும்பத்தாரும் 1973-இல் பலமாடிக் கட்டடம் ஒன்றை மக்களுக்காக நன்கொடையாக அளித்தனர். அதிலிருந்து எழுந்ததே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான தொழில்நுட்பக் கழகம். 1980-இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. வலியசாலையிலிருந்து சிறிது தூரத்திலுள்ள பூஜப்புரையில், ஒருகாலத்தில் மகாராணி சேதுலட்சுமி பாய் வாழ்ந்த சாட்டெல்மண்ட் அரண்மனையில், அதன் கருவி ஆராய்ச்சிப் பிரிவு நடக்கிறது. அரசி உலவிய கூடங்களில் செயற்கை வால்வுகளைச் சோதித்தார்கள். முதல் இயக்குநரான டாக்டர் எம். எஸ். வலியத்தான் 2024-இல் காலமானார். அவரும் அவர் குழுவினரும் செய்த வால்வின் முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. தட்டுக்கு நீலமணிப் படிகத்தைப் பயன்படுத்திய மாதிரியில், அத்தட்டு சோதனை ஆட்டின் உடலுக்குள்ளேயே உடைந்தது. விலையுயர்ந்த மணியைக் கைவிட்டு உறுதியான பிளாஸ்டிக் தட்டை அமைத்த நான்காவது மாதிரியே வென்றது. 1990 டிசம்பர் 6 அன்று அது முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது, சென்னையின் டி.டி.கே. நிறுவனத்தார் அதை உற்பத்தி செய்தனர்.

பம்பிலும் இந்நகரம் கைவைத்திருக்கிறது. தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார் அமைத்த இருதயத் துணைப்பம்பு விலங்குகளில் சோதிக்கப்பட்டதென 2016-இல் செய்தி வந்தது. நிமிஷத்துக்கு 3 முதல் 5 லிட்டர் வரை இறைக்க வல்லதாம் அது. ராக்கெட்டின் திரவ எரிபொருளை இறைக்கும் பம்பைக் கற்றவர்கள் இரத்தத்தை இறைக்கவும் முயன்றது பொருத்தமே. ஸ்ரீ சித்திரைக் கழகத்திலும் அத்தகைய பம்பை உருவாக்கும் வேலை நடந்திருக்கிறது. இறக்குமதியாகும் பம்பு ஒன்றின் செலவு கோடி ரூபாயை ஒட்டியது என்னும்போது, உள்நாட்டு முயற்சி எவ்வளவு அவசரமானதென்று சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய பம்புகளை உடலில் வைப்பதற்கு முன், இரத்தத்தை ஒத்த கெட்டித்தன்மை வருமாறு கிளிசரினும் நீரும் கலந்து, கண்ணாடிபோன்ற குழாய்ச் சுற்றில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். வேகம், மின்செலவு, பாய்வு மூன்றையும் அங்கேதான் அருகருகே எழுதிக்கொள்கிறார்கள்; திரையில் பின்னர் தோன்றும் ஊகத்துக்கு அக்குறிப்பேடே தாய்.

இவ்வளவையும் எங்கள் தெருப் பெரியவருக்குச் சொல்லி முடிக்க இரண்டு மாலைகள் பிடித்தன. அவர் பொறுமையாகக் கேட்டார். “சரி, தம்பி, அப்படிப்பட்டவர் வழியில் மயங்கி விழுந்தால் எதைத் தொட்டுப் பார்ப்பது?” என்றார். அவர் கேள்வி நம் எல்லோருக்கும் உரியது. பம்பு தாங்கியவர்கள் இரயிலிலும் கடைத்தெருவிலும் நம்மிடையே நடமாடக்கூடும். நாடி இல்லை என்ற ஒன்றைக்கொண்டு மட்டும் ஆள் இறந்தார் என்று முடிவு கட்டக்கூடாது. இடுப்பில் அல்லது தோளில் சிறு பையும், அதிலிருந்து வயிற்றுக்குச் செல்லும் கம்பியும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். மார்பில் காதை வைத்தால், பம்பு ஓடுமாயின் வண்டு முரல்வதுபோன்ற ஓசை கேட்கும். மூச்சு இருக்கிறதா, உணர்வு இருக்கிறதா என்று கவனித்து, உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மூச்சும் இல்லை, ஓசையும் இல்லையென்றால் மற்றவர்களுக்குச் செய்வதுபோலவே மார்பை அழுத்தி உதவ வேண்டும்.

பெரியவர் சற்று நேரம் தம் விரல்களையே பார்த்திருந்தார். பிறகு, “கரண்டு போனால்?” என்று கேட்டார். இரண்டு பாட்டரிகள் எப்போதும் உடனிருக்கும். பல மணி நேரம் தாங்கும். மாற்றும்போதும் ஒன்றைக் கழற்றி, புதியதைப் பொருத்திய பின்னரே மற்றதைத் தொடுவார்கள் என்று சொன்னேன்.